திரும்பி வராத லிப்ஸ்டிக்

அந்தத் தெருவில் ஒரு பெண் முகத்துக்குப் புதிதாக எதையாவது வாங்கப்போகிறாள் என்றால், கடைக்குப் போகுமுன் மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டுவாள். அங்கேதான் ரிட்டர்ன் அக்கா இருக்கிறாள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது மின்கட்டண ரசீதோடு நின்றுவிட்டது.

ஆன்லைனில் சாமான் விற்கும் பெரிய கம்பெனி ஒன்றின் கிடங்கில் அவளுக்கு வேலை. வாங்கியவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்புவதையெல்லாம் பிரித்துப் பார்க்க வேண்டும். செருப்பு ஒரு மேசைக்கு வரும், துணி ஒரு மேசைக்கு வரும், நாலாம் மேசைக்கு அழகுசாதனம். நாலாம் மேசை ஒன்பது வருடமாக அக்காவின் ராஜ்யம். பெட்டியைக் கீறுவாள், பொருளைப் பார்ப்பாள், காரணச் சீட்டைப் படிப்பாள், மூன்று கூடைகளில் ஏதாவது ஒன்றில் போடுவாள். தலைக்கு மேலே டியூப்லைட். நிறத்தில் சந்தேகம் வந்தால் மட்டும் லாரி வந்து நிற்கும் பெரிய கதவுவரை நடந்து, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு வருவாள்.

பொருளைவிடச் சீட்டுதான் ருசி. கம்பெனி அச்சடித்த நாலு காரணங்களுக்குக் கீழே, "வேறு ஏதேனும்" என்று இரண்டு வரி இடம் விட்டிருப்பார்கள். ஜனங்கள் அதில் மனசையே கொட்டியிருப்பார்கள். "பூசிக்கொண்டு மூன்று முறை எதிரே போய் நின்றேன். அவர் பேப்பரிலிருந்து தலையெடுக்கவில்லை." "டப்பாவில் இருக்கும் பெண் வேறு, நான் வேறு என்பதை இந்த க்ரீம் நிரூபித்தது." ஒருத்தி எழுதியிருந்தாள்: "எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. என் ஓரகத்தியும் இதையே வாங்கிவிட்டாள். ஆகவே திருப்பி அனுப்புகிறேன்." இப்படித் தினம் எண்பது சீட்டு படிப்பவளுக்கு ஊர் உலகம் தெரியாமல் இருக்குமா? அக்காவுக்குத் தெரியும். தெரியும் என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் சட்டம் எளிமையானது. விளம்பரத்தில் சிரிக்கிறவளை நம்பாதே, எது திரும்பி வருகிறது என்று பார். மேசைக்கு அடிக்கடி வருவது மட்டம், எப்போதாவது வருவது பரவாயில்லை, வரவே வராததுதான் தங்கம். இந்தச் சட்டப்படி அவள் ஒரு கணக்கும் போட்டு வைத்திருந்தாள்: தினசரிக்கு மூன்று, விசேஷத்துக்கு ஏழு. முகத்தை வெள்ளையடித்த சுவராக்காத சன்ஸ்கிரீன், கரையாத கண்மை, லேசாக நிறமுள்ள லிப் பாம், இவை தினசரி. கல்யாணம், கச்சேரி, புகைப்படம் என்றால் அதன்மேல் ஃபவுண்டேஷன், கன்னச் சிவப்பு, மஸ்காரா, கடைசியாக லிப்ஸ்டிக். ஏழுக்கு மேல் எட்டாவதாக எதையாவது பூசிக்கொண்டு வந்தவளிடம், "முகத்தை வீட்ல விட்டுட்டு வந்துட்டியா?" என்று வாய் கூசாமல் கேட்பாள்.

அந்த ஏழாவதில்தான் கதை இருக்கிறது.

இருபத்துநாலாம் நம்பர் என்று ஒரு லிப்ஸ்டிக். சுட்ட செங்கல் நிறம். பூசும்போது தண்ணீர் மாதிரி இருந்து, இரண்டு நிமிடத்தில் காய்ந்து உதட்டோடு ஒட்டிக்கொள்ளும் ரகம். ஆறு வருடத்தில் ஒன்று, ஒரே ஒன்றுகூட நாலாம் மேசைக்குத் திரும்பி வந்ததில்லை. அக்கா அதை வாங்கிப் போட்டாள். அவளுக்குப் பாந்தமாக இருந்தது. அப்புறம் கேட்பானேன். தெருவில் பதினேழு பெண்களை அதை வாங்க வைத்துவிட்டாள். தெருமுனை வீட்டுக் கல்யாணத்தில் பெண்கள் கும்பலாக நின்று எடுத்த படத்தைப் பார்த்தால், ஒரே பேனாவால் திருத்திய விடைத்தாள் கட்டு மாதிரி வரிசையாகச் செங்கல் உதடுகள்.

யாரும் பெரிதாக ஒரு குறையும் சொல்லவில்லை. அதையும் அக்கா தன் சட்டப்படியே எடுத்துக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் கிடங்கின் மாடியில் ஓர் இடம் காலியானது. வாங்கும் பிரிவு. எந்தப் பொருளைக் கம்பெனி விற்பனைக்கு எடுக்கலாம், எதை வேண்டாமென்று தள்ளலாம் என்று அங்கேதான் முடிவு செய்வார்கள். அழகுசாதனத்துக்கு ஓர் ஆள் வேண்டுமாம், முதல் தடவையாகக் கீழ்த்தள ஆட்களும் மனு போடலாமாம். வெள்ளிக்கிழமை காலை நேர்காணல். அவரவர் நம்பும் தினசரிப் பொருள் ஒன்று, விசேஷப் பொருள் ஒன்று கொண்டுவந்து, ஏன் நம்புகிறோம் என்று சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. இந்தக் கதவு இன்னொரு தடவை திறக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவள் அலட்டிக்கொள்ளவில்லை. கண்மையையும் இருபத்துநாலையும் கைப்பையில் போட்டுவைத்தாள். கணவரிடம், "மாடிக்குப் போனதும் மதியம் போன் பண்ணாதீங்க. மீட்டிங்ல இருப்பேன்," என்று முன்கூட்டியே சொல்லியும் விட்டாள்.

புதன்கிழமை மதியம் தேநீர் குடிக்கும்போது, திரும்பும் பார்சல்களை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கும் வேன்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர், பேச்சுக்குப் பஞ்சமில்லை.

"வெள்ளிக்கிழமை என்னம்மா கொண்டுபோகப் போற?"

அக்கா கைப்பையைத் திறந்து காட்டினாள். "இதுதான். ஆறு வருஷத்துல ஒண்ணுகூட ரிட்டர்ன் ஆகலை."

அவர் லிப்ஸ்டிக் குழலை வாங்கி, எட்டத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இது பச்சைப் பட்டை கம்பெனி சரக்குல்ல?"

"ஆமா. அதுக்கென்ன?"

"பச்சைப் பட்டை ஒட்டினது எதுவும் நம்ம கிடங்குக்கே வராதேம்மா. அவங்களுக்குத் தனி குடோன் இருக்கு. ரிட்டர்ன் எல்லாம் நேரா அங்கதான் இறக்கணும்னு ஒப்பந்தம். வாரா வாரம் ரெண்டு மூட்டை நானேதான் கொண்டுபோய்ப் போடறேன்." தேநீரை ஊதிக் குடித்தார். "மூட்டை நல்ல கனம். முதுகு போயிடுது."

அக்கா குழலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அதன் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். தேநீரை ஆறவிட்டவளைப் பார்த்த வேன்காரர் உடம்புக்கு என்னவோ என்று பயந்து, தன் பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து நீட்டினார்.

வாரத்துக்கு இரண்டு மூட்டை. ஆறு வருடம். பதினேழு பெண்கள். அன்று மாலை பஸ்ஸில் வரும்போது இவை மூன்றும் மாறி மாறி அவள் மண்டைக்குள் இடித்தன.

வீட்டில் நாத்தனார் இருந்தாள். கணவரின் தங்கை, பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவள், அண்ணன் வீட்டு மாடியறையில் குடியிருப்பவள். அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுடி. அந்த இருபத்துநாலு உனக்கு எப்படி இருக்கு?"

நாத்தனார் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். நல்ல நேரத்தில் வந்த கேள்வி என்று அவள் முகம் சொன்னது.

"அதைப் போட்டா நாலு நாள் காய்ச்சல்ல கிடந்து எழுந்தவ மாதிரி இருக்கேன் அண்ணி. ஒரு நாள் சாப்பிட மாஸ்க்கைக் கழட்டினேன், டாக்டரே கேட்டார், லீவு வேணுமான்னு."

"அப்புறம் ஏண்டி இத்தனை நாள் வாயைத் திறக்கலை?"

"உங்ககிட்ட யாரு சொல்றது? டீச்சரம்மா ஒரு தடவை 'லேசா உரியுது'ன்னு ஆரம்பிச்சாங்க. 'உங்களுக்குப் பூசத் தெரியலை'ன்னு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தீங்க. அதோட தெருவே அடங்கிடுச்சு."

"அப்போ யாருமே போடறதில்லையா?"

"உங்க வீட்டைத் தாண்டிப் போகும்போது போட்டிருப்பாங்க."

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். வேறொருத்தியாக இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு வேறு லிப்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு, காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தை முடித்திருப்பாள். நாத்தனாரும் அதைத்தான் சொன்னாள்: "வேற ஏதாவது கொண்டுபோங்க அண்ணி. அவங்களுக்கு என்ன தெரியப்போகுது." அக்காவுக்கு அது சம்மதமில்லை. ஒன்பது வருடமாக ஊரார் தப்பைச் சீட்டில் படித்தவள், தன் தப்பைப் படிக்காமல் விட்டால் எப்படி? கீழே விழுந்த தட்டை எடுப்பதுபோல் போனை எடுத்து, தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டாள்.

"இருபத்துநாலாம் நம்பர் வெச்சிருக்கவங்க எல்லாம் நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அதை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க. ரிட்டர்ன் எடுக்கப்போறேன். காரணம் சொல்லணும். திட்ட மாட்டேன்."

கடைசி வாக்கியத்தை ஒருத்தியும் நம்பவில்லை. ஆனாலும் பதினான்கு பேர் வந்தார்கள். அக்கா வாயடைத்து உட்காரும் காட்சியை வீட்டில் இருந்துகொண்டு யார் தவறவிடுவார்கள்?

முன்னறையில் சாப்பாட்டு மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தாள். ஒரு பக்கம் பஞ்சும் தேங்காயெண்ணெயும், இன்னொரு பக்கம் நறுக்கி வைத்த வெள்ளைத்தாள் சீட்டுகள். கணவர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, மொட்டை மாடியில் தொட்டிக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போனவர்தான், இறங்கவே இல்லை.

முதலில் தையல்காரம்மா. பக்கத்துச் சந்தில் கடை வைத்திருப்பவள். கையில் குழல் பாதி காலியாக இருந்தது.

"பரவாயில்லையே. நீங்க உபயோகிச்சிருக்கீங்க," என்றாள் அக்கா.

"உபயோகிக்காம? துணியில அளவுக் கோடு போட இதைவிட நல்ல சரக்கு கிடையாதுக்கா. சாக்பீஸ் உதிருது. இது துவைச்சாலும் போகலை." சற்று யோசித்தாள். "அதுதான் ஒரு தொந்தரவு."

அறை முழுக்கச் சிரிப்பு. அக்காவும் சிரித்தாள். அது வந்திருந்தவர்களுக்கு ஏமாற்றமாகவும் தைரியமாகவும் இருந்தது.

"சரி, இப்ப உதட்டுல போடுங்க. நான் பாக்கணும்."

தையல்காரம்மா போட்டாள். காய்ந்ததும் உதடு வறண்ட வாய்க்கால் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விட்டது. வழக்கமாக அக்கா குழலைத்தான் பார்ப்பாள். இன்று முதல் தடவையாக வாயைப் பார்த்தாள். கீழ் உதட்டின் இரண்டு ஓரத்திலும் பொடிப் பொடியாகத் தழும்பு.

"இது என்ன?"

"குண்டூசி. கை ரெண்டும் துணியில இருந்தா, ஊசியை எங்க வெச்சுக்கறது? வாயிலதான். நாள் பூரா அப்படியே."

அக்கா சீட்டில் "பிளவுபடுகிறது" என்று எழுதினாள். பேனா நின்றது. அதன் கீழே இன்னொரு வரி எழுதினாள்: "வாயின் வேலை: ஊசி பிடித்தல்."

அடுத்தது டீச்சரம்மா. ஐந்து வகுப்பு, ஐந்து மணி நேரப் பேச்சு, இடையில் ஒரு வாளித் தண்ணீர். அவளுக்கு மத்தியானத்துக்குள் உள் உதடு உரிந்து, செதில் செதிலாகப் பல்லில் ஒட்டிக்கொள்ளுமாம்.

"வகுப்புல ஒரு பொண்ணு எழுந்து, 'மிஸ், உங்களுக்கு ரத்தம் வருது'ன்னு அழ ஆரம்பிச்சுட்டா. அன்னிக்கு நிறுத்தினது."

"எப்போ?"

"வாங்கின மறுநாள்."

நாத்தனார் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை மாஸ்க்குக்குள் இருப்பவள். அவள் உதட்டை உலகம் பார்ப்பதே அபூர்வம். கண்ணும் புருவமும்தான் அவளுக்கு முகம். அவளுக்குப் போய்ச் செங்கல் நிறத்தைத் தலையில் கட்டியிருக்கிறோமே என்று அக்காவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. எதிர்வீட்டு இரண்டாம் மாடியில் இருப்பவள் புல்லாங்குழல் சொல்லிக்கொடுப்பவள். அவளைப் பார்த்ததும் அக்கா, "நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம். மன்னிச்சுக்குங்க," என்றுவிட்டாள்.

எல்லாரும் இப்படி என்றும் இல்லை. பேக்கரிக்காரம்மா குழலைக் கொடுக்கவே மறுத்தாள். அடுப்பு வெக்கையில் நிற்பவளுக்கு வேறெதைப் போட்டாலும் பத்து நிமிடத்தில் உருகி முகவாய்க்கு இறங்கிவிடுமாம். இது ஒன்றுதான் காலையில் போட்டால் கடை சாத்தும்வரை நிற்கிறதாம்.

"அக்கா இதை விசேஷத்துக்குன்னு சொன்னீங்க. எனக்கு இதுதான் தினசரி. விசேஷத்துக்குத்தான் ஒண்ணும் போடறதில்லை. அன்னிக்கு ஒரு நாளாவது என் முகம் சும்மா இருக்கட்டும்."

தினசரிக்கு மூன்று, விசேஷத்துக்கு ஏழு என்று இத்தனை வருடம் அடித்துப் பேசியது, மாவு வாசனையடிக்கும் ஒருத்தியின் ஒரே பேச்சில் கவிழ்ந்து கிடந்தது. ஆனால் ஆச்சரியம், அவளுக்கு அழுகை வரவில்லை, பசிதான் வந்தது. புது மூட்டை ஒன்றைப் பிரிக்கும்போது வருமே, அந்தப் பரபரப்பு. பதினான்கு சீட்டும் முடிந்ததும் எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். டீச்சரம்மா வெளியே வந்ததும் தையல்காரம்மாவின் காதைக் கடித்தாள்: "திட்டவே இல்லையே. உடம்பு சரியில்லையோ?"

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா மாடி ஏறினாள். சன்ஸ்கிரீன், கண்மை, உதட்டில் அதே இருபத்துநாலு. அவளுக்கு அது பொருந்தும். அதில் பொய் ஒன்றும் இல்லையே. கையில் கண்மையோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் இருந்தது.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் வாங்கும் பிரிவின் மேலாளர் அம்மாள், சுத்தமாக வாரிய நரைமுடி, ரோஜா நிற லிப்ஸ்டிக். இரண்டு பக்கமும் இரண்டு அதிகாரிகள், அம்மாள் சிரித்தால் சிரிக்கும் வகை.

கண்மையைப் பற்றி அக்கா நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். பிறகு டப்பாவைத் திறந்து கவிழ்த்தாள். உபயோகித்த லிப்ஸ்டிக் குழல்கள் பதின்மூன்று மேசையில் உருண்டன. இடப்பக்க அதிகாரி தன் கோப்பைத் தூக்கிக்கொண்டார்.

"விசேஷப் பொருள் ஒண்ணுதானே கேட்டோம்," என்றார் அம்மாள்.

"ஒண்ணுதான் மேடம். எல்லாம் ஒரே நம்பர். ஆறு வருஷமா ரிட்டர்ன் ஆகாத பொருள்னு சொல்லி எங்க தெருவுல பதினேழு பேரை வாங்க வெச்சேன். அது ரிட்டர்ன் ஆகாததுக்குக் காரணம், ரிட்டர்ன் வேற குடோனுக்குப் போகுது. முந்தாநாள்தான் தெரிஞ்சுது. நேத்து பதிமூணைத் திரும்ப வாங்கினேன்."

வலப்பக்க அதிகாரி இருமினார். "அதாவது, உங்க கணிப்பு தப்புன்னு நீங்களே வந்து சொல்றீங்க."

"கணிப்பு பாதி தப்பு சார். பொருள் நல்ல பொருள். நான்தான் வாயைப் பார்க்காம குடுத்துட்டேன்." சீட்டுகளை வரிசையாகப் பரப்பினாள். "ஊசி பிடிக்கிற வாய்க்கு இது ஆகாது. ஓயாம பேசுற வாய்க்கு ஆகாது. புல்லாங்குழல் ஊதுற வாய்க்குக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. அடுப்படியில நிக்கிற வாய்க்கு இதை அடிச்சுக்க ஆளே இல்லை. நாம இதை 'விசேஷ நாளுக்கு'ன்னு போட்டு விக்கிறோம். வெக்கையில வேலை பாக்குறவங்களுக்குன்னு போட்டா வித்தது திரும்பாது. நம்ம சீட்டுல நிறம், வாசனை, உடைசல் எல்லாம் கேக்கறோம். நாள் பூரா உங்க வாய்க்கு என்ன வேலைன்னு மட்டும் கேக்கறதில்லை."

அம்மாள் ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் படித்தார். குண்டூசிச் சீட்டில் கொஞ்சம் நின்றார். அக்கா அவர் படிக்கும் முகத்தைக் கவனித்தாள்.

"சரி," என்றார் அம்மாள் கடைசியில். "இவ்வளவு சொல்றீங்க. என் வாய்க்கு என்ன வேலை?"

இரண்டு அதிகாரிகளும் மேசையின் மரக்கோடுகளை ஆராயத் தொடங்கினார்கள். அக்கா வந்ததிலிருந்து இருபது நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகையால் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"கடிக்கிறது மேடம். யாராவது தப்பாப் பேசினா உடனே மறுத்துச் சொல்லாம கீழ் உதட்டைக் கடிச்சுக்கறீங்க. இந்த சார் பேசும்போது ரெண்டு தடவை, நான் டப்பாவைக் கொட்டினப்போ ஒரு தடவை. காலையில போட்டது இப்பவே நடுவுல இல்லை, ஓரம் மட்டும் வட்டமா நிக்குது. மீட்டிங் முடியறதுக்குள்ள அதுவும் போயிடும்."

அம்மாள் போனை எடுத்து, அதன் காமிராவில் தன் முகத்தைப் பார்த்தார். சாவகாசமாகப் பார்த்தார். வலப்பக்க அதிகாரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"பதினோரு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். ஒருத்தர் சொன்னதில்லை."

"சொல்லமாட்டாங்க மேடம். எனக்கும் ஆறு வருஷம் சொல்லலை."

அம்மாள் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஏழெட்டு லிப்ஸ்டிக், ஒன்று விடாமல் ரோஜா நிறம். அவற்றை அக்கா பக்கமாகத் தள்ளினார். பிறகு வெளியே வரிசையில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அதிகாரிகளிடம் கேட்டார். நாலு பேர் என்றார்கள்.

"அவங்களை மதியத்துக்கு மேல வந்து பார்க்கச் சொல்லுங்க. பார்த்துடுவோம், மரியாதை இருக்கில்ல." அக்கா பக்கம் திரும்பினார். "நீங்க திங்கட்கிழமை கீழே போகவேண்டாம். நேரா இங்க வந்துடுங்க."

அக்கா தலையை ஆட்டினாள். அதற்குள் அவள் கை அந்த ரோஜா நிறக் குவியலுக்குள் போயிருந்தது. முதல் குழலைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள், மூடினாள், ஓரமாக வைத்தாள். இரண்டாவதையும் ஓரமாக வைத்தாள்.

"இதுல ஒண்ணுமே தேறாதா?" என்றார் அம்மாள்.

"இருங்க மேடம், இன்னும் அஞ்சு இருக்கு."